மாலத்தீவில் ஆங்கிலம் கற்பித்த நாள்கள்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர் பணி கிடைத்திருப்பதாகவும், அடுத்த வாரம் புறப்படவிருப்பதாகவும் தெரிவித்தார். "உஸ்தாத், நீங்க அங்கே ரெண்டு வருஷம் இருந்ததா வாப்பா சொன்னாங்க. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டார்.

மதரஸாவில் குர்ஆனும் ஃபிக்ஹும் கற்பிப்பவராகவே எம்மை அறிந்தோர், நாம் ஒரு காலத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தினோம் என்று கேட்டால் நம்ப மாட்டார்கள். எம் மாணவர்கள் சிரிக்கவே செய்வார்கள். ஆயினும் 2007, 2008 ஆகிய இரு கல்வியாண்டுகளும் நாம் மாலத்தீவின் வடக்கே ஒரு சிறு தீவில் ஆங்கில ஆசிரியராகவே இருந்தோம். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றது அங்கிருந்து திரும்பிய பிறகுதான். அதற்கு முன் எம் கையில் இருந்தவை ஆங்கில இலக்கிய இளங்கலைப் பட்டமும், திருமணத்திற்குக் காத்திருந்த இரு தங்கையரும், வாப்பாவின் கடனும்.

அந்த இளைஞருக்குத் தேவையானவற்றைச் சொன்னோம். புளி, ஊறுகாய், மிளகாய்ப்பொடி. கண்ணாடி அணிபவராயின் இரண்டு சோடி. பல்லில் குறை இருந்தால் ஊரிலேயே பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும், ஏனெனில் சிறு தீவில் பல் மருத்துவர் கிடைக்க மாட்டார். அவர் அனைத்தையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இருந்தது. அதை எண்ணியே இதை எழுதுகிறோம்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு வானூர்தியில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். விமான நிலையம் தனியொரு தீவு. இப்போது அங்கிருந்து தலைநகருக்குப் பாலம் இருக்கிறது; அது 2018-இல் திறக்கப்பட்டது. எம் காலத்தில் படகில்தான் கடந்தாக வேண்டும். மாலேயில் ஓர் இரவு தங்கினோம். பெரியவர் ஒருவர் எம்மை ஹுகுரு மிஸ்கிக்கு, அதாவது பழைய ஜும்ஆப் பள்ளிக்கு, அழைத்துச் சென்றார். 1658-இல் கட்டப்பட்டது. பவளக் கல்லைச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தியே சுவரெழுப்பியிருக்கிறார்கள். கடலிலிருந்து எடுத்த கல்லில் பூவும் கொடியும் அரபு எழுத்தும் அவ்வளவு நுணுக்கமாக இருந்தன. அன்று எமக்கு அதை நின்று பார்க்கும் மனநிலை இல்லை. வீட்டு நினைவே மேலோங்கி நின்றது.

மறுநாள் மாலை, அரிசி மூட்டைகளுக்கும் சிமெண்டு மூட்டைகளுக்கும் இடையில் எம்மையும் ஏற்றிக்கொண்டு தோணி புறப்பட்டது. இரவு முழுதும் வாந்தி. விடியற்காலையில் தீவு கண்ணில் பட்டபோது அது மிதக்கும் தென்னந்தோப்பு போலத் தெரிந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், இஸ்லாமும் திவேஹி மொழியும் தவிர ஏனைய பாடங்களை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்றால், அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? ஆகவேதான் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் சென்றுகொண்டே இருக்கிறார்கள்.

முதல் மாதம் எமக்குப் பெரும் சோதனையாக இருந்தது உணவு. காலையில் மஸ்ஹுனி: துருவிய தேங்காய், சூரை மீன், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை ஆகியவற்றைப் பிசைந்து, ரொஷி எனும் மெல்லிய ரொட்டியுடன் உண்பார்கள். மதியம் சோறும் கருதியவும். கருதிய என்பது சூரை மீனை உப்பு நீரில் வேகவைத்த தெளிந்த சாறு. அதில் எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வார்கள். இரவும் மீன். காய்கறி என்பது மாலேயிலிருந்து சரக்குத் தோணி வரும் நாளில் மட்டும் காணக் கிடைக்கும் காட்சி. அந்தக் காய்கறிகளுள் ஒரு பகுதி எம் ஊருக்கு அருகிலுள்ள தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது என்று அறிந்தபோது, வதங்கிய ஒரு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். பின்னர்தான் வீட்டுக்காரம்மா தம் கொல்லையிலுள்ள முருங்கையைக் காட்டினார். அவர்களும் அதை முரங்க என்றே சொல்கிறார்கள்.

வியாழன் இரவுகளில் உம்மாவிடம் பேசுவோம். "அங்கே மாசி நல்லா கிடைக்குமே வாப்பா, வரும்போது கொண்டு வா" என்பது ஒவ்வொரு வாரமும் கேட்கும் சொல். காயல்பட்டினத்துச் சமையலறைகளில் மாசி எத்தகைய செல்வம் என்பதை எம் ஊரார் அறிவார்கள். சூரையை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போலாகும்வரை வெயிலில் உலர்த்தியதே அது. திவேஹியில் மீனுக்கு மஸ் என்று பெயர். பிறந்தது முதல் உண்ட ஒரு பொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அந்தத் தீவில்தான் நாம் அறிந்தோம்.

அதிகாலையில் ஈர்க்குமாற்றின் ஓசைதான் முதலில் கேட்கும். பெண்கள் அவரவர் வீட்டு வாசலை மட்டுமன்றி, வெண்மணல் தெருவையும் பெருக்கி முடிப்பார்கள். அந்த மணலில் முதல் தடம் பதித்து ஃபஜ்ருக்குச் செல்வது எமக்கு ஒரு சிறு கூச்சத்தைத் தரும். மாலையில் தெருமுனை மரங்களின் கீழ் ஜோலி என்னும் கயிற்று வலை நாற்காலிகளில் பெரியவர்கள் சாய்ந்திருப்பார்கள். எம்மைக் கண்டால் ஓர் இருக்கையைக் காலியாக்கி, "சார், கிஹினெஹ்?" என்பார்கள். எப்படி இருக்கிறீர் என்று பொருள். "ரங்கலு", நலம், என்று சொல்லக் கற்றோம். அதற்கு மேல் ஆறு மாதம் எமக்கு ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்காரரின் ஏழு வயது மகள்தான் எமக்குத் தானா எழுத்தைக் கற்பித்தாள். வலமிருந்து இடமாக எழுதுவது. முதல் ஒன்பது எழுத்துகள் ஒன்று முதல் ஒன்பது வரையிலான அரபு எண்களிலிருந்து உருவானவை. அடுத்த ஒன்பது அவர்களின் பழைய எண்களிலிருந்து வந்தவை. உயிர்க்குறிகளோ அரபியின் ஸபர், ஸேர் போல மேலும் கீழும் அமர்பவை. எண்களைக் கொண்டு எழுத்தமைத்த அந்த அறிவை நாம் வியந்தோம். அந்தச் சிறுமியோ எம் கையெழுத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். பகலில் முப்பது பேருக்கு ஆசிரியர். இரவில் ஏழு வயதுப் பிள்ளையின் மக்கு மாணவர். இந்த இரண்டாவது நிலை எமக்கு நன்மை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்பதைக் கீழே காண்பீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மீனவரின் மகன். ஆங்கிலத்தில் நூற்றுக்கு இருபதைத் தாண்ட மாட்டான். கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரி. அதிலும் வினைச்சொல் இருக்காது. ஆனால் எப்போதும் ஒரு புன்னகை. அந்தப் புன்னகையை நாம் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டோம். ரமளானில் ஒரு நாள் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் அவன் குர்ஆன் ஓதக் கேட்டோம். அவர்கள் நாட்டில் எதுருகே என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஆசிரியரின் இல்லத்திலேயே பிள்ளைகள் அமர்ந்து ஓதப் பழகுவது. அவனுடைய பாட்டியார் அத்தகைய ஓர் எதுரு. ஒவ்வோர் எழுத்தும் அதற்குரிய இடத்திலிருந்து பிறந்து வந்தது. அப்போது எம் ஓதல் எவ்வளவு தடுமாற்றமுள்ளது என்பதை நாம் மட்டுமே அறிவோம். அவனுக்கு முன்னால் உரத்து ஓத அஞ்சி, அந்த மாதம் முழுதும் மனத்துக்குள்ளேயே ஓதினோம். பின்னாளில் ஊர் திரும்பி, முப்பதை நெருங்கும் வயதில் தஜ்வீதை முதலிலிருந்து கற்கச் சேர்ந்ததற்கு அந்த ஓதலும் ஒரு காரணம்.

இப்னு பதூதா 1343-இல் அந்தத் தீவுகளுக்குச் சென்று காழியாகப் பதவி வகித்த வரலாறு பலரும் அறிந்ததே. ஜும்ஆவுக்கு வராதவர்களை அடித்து ஊர்வலம் விடச் செய்தார். பெண்களின் உடையைத் திருத்த முயன்று தோற்றார். அடுத்த ஆண்டு வஸீருடன் பிணங்கி வெளியேறினார். அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது, வெளியிலிருந்து வந்த கற்றறிந்த மனிதரின் எரிச்சல் வரிக்கு வரி தெரிகிறது. அவர் பேரறிஞர்; நாம் ஒப்பந்த ஆசிரியர். ஆயினும் அந்த எரிச்சல் எமக்கு மிகப் பழக்கமானதாகவே இருந்தது.

இரண்டாம் ஆண்டின் மார்ச் மாதம். பாடநூலில் பவளப் பாறைகளைப் பற்றிய ஒரு பகுதி. அதில் அடோல் என்ற சொல் வந்தது. நடுவில் நீர்த்தேக்கம் இருக்க, வட்டமாகச் சூழ்ந்த தீவுகளுக்கும் பாறைகளுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். நாம் அதைக் கரும்பலகையில் எழுதி, எங்கே அழுத்தம் தர வேண்டும் என்று விளக்கி, வகுப்பு முழுவதையும் திரும்பச் சொல்ல வைத்தோம். அவன் சொல்லவில்லை. அருகில் சென்று, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். எழுந்து, அதே புன்னகையுடன், "சார், அது எங்கள் சொல். நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள். அதொளு" என்றான். வகுப்பு சிரித்தது.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்த செய்தி நல்லதாக இல்லை. தங்கையின் சம்பந்தம் ஒன்று தட்டிப்போயிருந்தது. இரு இரவுகளாக உறக்கமில்லை. இவற்றை நாம் காரணமாகச் சொல்லலாகாது என்று தெரிந்தும் எழுதிவிட்டோம், அழிக்காமல் விடுகிறோம். அவனைப் பார்த்து, "உனக்குத் தெரிந்தது மீன் பிடிப்பது மட்டும்தான். உன் தந்தையின் படகுக்குப் போ. இந்த வகுப்பு உனக்கு எதற்கு?" என்றோம். ஆங்கிலத்தில் சொன்னோம். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, எளிய வாக்கியங்களாகச் சொன்னோம். இரண்டு ஆண்டுகளில் நாம் பேசிய ஆங்கிலத்தில் அவனுக்கு முழுமையாகப் புரிந்தது அதுவாகத்தான் இருக்கும். புன்னகை போய்விட்டது. அமர்ந்தான்.

அன்று மாலை பள்ளி நூலகத்தில் அகராதியைப் புரட்டினோம். அச்சொல்லின் பிறப்பிடம் மாலத்தீவு மொழி என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. உலகத்தின் எந்தக் கடலில் அத்தகைய தீவு வட்டம் இருந்தாலும், ஆங்கிலேயர் அதற்கு அந்தப் பையனுடைய சொல்லையே வழங்குகிறார்கள். அகராதியை மூடி, அது இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் அவனுடைய இருக்கை காலி. நாளை வருவான், வந்ததும் அவனிடமே முதலில் சொல்வோம் என்று எண்ணி, வகுப்பில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் காலி. வகுப்பிலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரித்தவர்கள் அனைவரும் அங்கேதான் இருந்தார்கள். ஆண்டு இறுதிவரை சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியரிடம் விசாரித்தபோது, "அவன் தந்தையோடு கடலுக்குப் போகிறான், சார். இங்கே இது வழக்கம்தான். நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றார். அவருக்கு நடந்தது தெரியாது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் இஷாவுக்குப் பின் அவன் வீட்டுக்குச் சென்றோம். எமக்குத் திவேஹி போதாது. அவன் தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அண்டை வீட்டு இளைஞர் மொழிபெயர்க்க வந்தார். தந்தை எழுந்து நின்று இரு கைகளாலும் எம் கையைப் பற்றினார். பால் விட்ட தேநீரும் மீன் அடைத்த பலகாரமும் வந்தன. ஆசிரியர் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாரே என்று (அந்தத் தீவில் ஏது தூரம்?) அவர் திரும்பத் திரும்பச் சொன்னதாக இளைஞர் கூறினார். தேர்வுக் கட்டணம் கேட்க வந்திருக்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார். மகன் உறங்கிக்கொண்டிருந்தான், மூன்று மணிக்குப் படகு. எழுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றோம். மூன்றாம் மனிதர் ஒருவர் நடுவில் அமர்ந்திருக்க, நாம் சொன்ன சொற்களை அவர் வாயால் அந்தத் தந்தையின் காதில் போடும் துணிவு எமக்கு வரவில்லை. பையன் கெட்டிக்காரன், பள்ளிக்கு அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தோம்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரரின் தம்பியுடைய படகில் நாமும் சென்றோம். விடியுமுன் பாறையோரம் சிறு மீன்களை உயிருடன் வலையில் பிடித்துப் படகின் நீர்த்தொட்டியில் விட்டார்கள். பின் கடற்பறவைகள் வட்டமிடும் இடம் தேடி ஓடினார்கள். கூட்டம் தென்பட்டதும் சிறு மீன்களை வாரி இறைத்து, கடலின் மேல் நீரைத் தெளித்தார்கள். மேலே இரை துள்ளுவதாகச் சூரை மயங்குமாம். பின்புறம் வரிசையாக நின்று நீண்ட கழிகளை வீசினார்கள். தூண்டிலில் எதிர்முள் கிடையாது. இழுத்த வேகத்தில் மீன் தோளுக்கு மேல் பறந்து, தானே கழன்று தளத்தில் விழ, கழி மீண்டும் நீரில் இருக்கும். ஒரு மூச்சுக்குள் இவ்வளவும். எம்மிடம் ஒரு கழியைக் கொடுத்தார்கள். முதல் வீச்சிலேயே பக்கத்தில் நின்றவரின் சட்டையில் மாட்டினோம். எல்லோரும் சிரித்தார்கள், எமக்கும் சிரிப்பு வந்தது. "சார் அங்கே உட்காருங்கள்" என்று தேநீர்க் குடுவையின் பக்கம் காட்டினார்கள். அந்த ஆடும் தளத்தில் நிற்பதற்கே எமக்கு ஒரு கயிறு தேவைப்பட்டது.

அவனை ஒரு முறை படகுத்துறையில் நேருக்கு நேர் கண்டோம். மீன் இறக்கிக்கொண்டிருந்தான், தோள் அகன்று, ஓராண்டுக்குள் ஆளாகிவிட்டிருந்தான். எம்மைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து, ஸலாம் கூறி, "எப்படி இருக்கிறீர்கள், சார்? உங்கள் குடும்பத்தார் நலமாக இருக்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. நலம் என்றோம். பின்னாலிருந்து அவனை யாரோ அழைத்தார்கள். சென்றுவிட்டான். திவேஹியில் மன்னிப்புக் கேட்கும் சொல் எமக்குத் தெரிந்தே இருந்தது; நம்மவர் மாப்பு என்பதும் அவர்கள் மஆஃப் என்பதும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. அதைக் கற்க எந்த அகராதியும் தேவைப்பட்டிருக்கவில்லை.

நாம் ஊருக்குப் புறப்பட்ட நாளில் துறையில் பலர் வந்து வழியனுப்பினார்கள். தானா கற்பித்த சிறுமி அழுதாள். தோணி கட்டவிழ்க்கும் நேரத்தில் அவனுடைய உம்மா விரைந்து வந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதியை எம் கையில் வைத்தார். மாசி. மகன் கடலில் இருப்பதாகவும், சாரிடம் கொடுக்கச் சொல்லிச் சென்றதாகவும் உடனிருந்தவர்கள் விளக்கினார்கள். காயல்பட்டினத்தில் உம்மா அதை முகர்ந்து பார்த்து, இவ்வளவு நல்ல மாசியைத் தாம் கண்டதே இல்லை என்றார்கள். ஓராண்டு வரை வைத்துச் சமைத்தார்கள். எமக்குக் குழம்பில் அது வரும் நாள்களில் உணவு இறங்காது. காரணம் கேட்டால், அங்கே உண்டு உண்டு சலித்துவிட்டது என்போம்.

மதரஸாவில் ஆண்டுதோறும் தவ்பாவின் நிபந்தனைகளைக் கற்பிக்கும் பாடம் ஒன்று வருகிறது. பாவத்தை விட்டுவிடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல். அது மற்றொரு மனிதரின் உரிமையைத் தொட்டதாக இருந்தால், அவரிடமிருந்தே விடுதலை பெறுதல். முதல் மூன்றையும் விரிவாக உதாரணங்களுடன் நடத்துவோம். நான்காவதை விரைந்து கடப்போம். சென்ற ஆண்டு ஒரு சிறுவன் கையை உயர்த்தி, "அந்த ஆள் வேற நாட்டுல இருந்தா என்ன செய்யணும் உஸ்தாத்?" என்று கேட்டான். நூலில் உள்ள பதிலைச் சொன்னோம்: அவரைத் தேடிச் சென்றடைய முயல வேண்டும்.

அந்த இளைஞர் புறப்படுவதற்கு முந்தைய இரவு மீண்டும் எம்மைக் காண வந்தார். ஒரு துண்டுத் தாளில் தீவின் பெயரையும், அவன் பெயரையும், அவன் தந்தையின் படகின் பெயரையும் எழுதி வைத்திருந்தோம். கீழே தானா எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்தச் சிறுமி பார்த்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்வாள். இளைஞர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தமக்குப் பணி கிடைத்திருப்பது தெற்குக் கோடியிலுள்ள ஓர் அதோலில் என்றும், இந்தத் தீவு வடக்கே இருப்பதாகத் தெரிகிறதே என்றும் தயங்கினார். "அங்கிருந்து மாலேக்கு வருபவர்கள் உண்டு, யாரிடமாவது விசாரியுங்கள்" என்றோம். தாளை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் சென்று மூன்று வாரம் ஆகிறது. முருங்கை கிடைப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்.